மலைத்தண்ணீர் கேட்டு வந்த மைனிக்கு

மைனி,

இன்று காலை மீன்தொட்டியின் விளக்கைப் போட்டபோது, முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி மணலுக்குள்ளிருந்து இரண்டு இலைகள் எழும்பி நிற்பதைப் பார்த்தேன். கொத்தமல்லி விதையளவு இலைகள். ஒன்று நேராக, மற்றது கொஞ்சம் சாய்ந்து. அந்த இடத்தில் நான் எதையும் நடவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். வேலம்பாசி இல்லை, கடையில் வாங்கிய செடிகளில் எதுவும் இல்லை. இலையின் அடிப்பக்கம் லேசான சிவப்பு. இது என்ன செடி, எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்காகக் கை தானாகப் போனை எடுத்து உங்கள் பெயரைத் தேடிவிட்டது. பெயரைக் கண்ட பிறகுதான் நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது என்பது உறைத்தது.

கேட்க வந்த கேள்வியைப் போனில் இனிக் கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் விட்டவையும் சில இருக்கின்றன.

நான் உங்கள் ஊருக்கு முதல்முறை வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். என் மகள் ஸ்டெல்லாவும் உங்கள் மகன் பிரபுவும் ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நானும் வரவில்லை, ஸ்டெல்லாவின் அப்பாவும் வரவில்லை. எங்களுக்குச் சர்ச்சு, உங்களுக்குக் கோயில்; நாங்கள் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர்கள், நீங்கள் தென்னந்தோப்பும் மாடுமாக இருப்பவர்கள். இதையெல்லாம் காரணமாகச் சொன்னோம். உண்மையில், எங்களைக் கேட்காமல் செய்துவிட்டாள் என்பதுதான் காரணம். ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாதத்தில் உதிரம் பட்டு, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று பாலக்காட்டு டாக்டர் சொன்னதாகப் பிரபு போன் செய்தபோது, அவள் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “போறதுன்னா போ. என்கிட்ட கேக்காத” என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நான் கிளம்பினேன்.

சாந்தன்பாறையிலிருந்து மூணாறு, அங்கிருந்து மறையூர், உடுமலை, பொள்ளாச்சி. கேரளத்தில் பஸ் ஏறி, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, சாயங்காலம் மீனாட்சிபுரத்தில் மறுபடி கேரளத்துக்குள் இறங்கினேன். வழியெல்லாம், கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டால் சொல்வதற்கான பதிலை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே வந்தேன். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்றிருந்தீர்கள். “வாங்க சம்பந்தியம்மா. பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதுங்களா?” என்று கேட்டுவிட்டு என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். அவ்வளவுதான். நான் அடுக்கி வைத்திருந்த பதிலெல்லாம் வீணாயிற்று.

ஸ்டெல்லாவின் கட்டிலுக்கு எதிரே இரண்டடி நீளத்தில் அந்த மீன்தொட்டி இருந்தது. படுத்தே கிடக்கும் பெண்ணுக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று பிரபு வாங்கி வைத்தது. ஆறு சிறிய மீன்கள், பாலக்காட்டுக் கடையில் வாங்கிய நான்கு செடிகள். நான் போன அன்று நான்கு செடிகளும் கூழாகிக்கொண்டிருந்தன. இலைகள் கண்ணாடிபோல் வெளுத்து, தொட்டால் கரைந்தன. ஸ்டெல்லா என்னைப் பார்த்து அழவில்லை, கோபிக்கவும் இல்லை. தொட்டியைக் காட்டி, “எது வச்சாலும் சாகுதும்மா” என்று மட்டும் சொன்னாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்கவில்லை என்று சமையல்கட்டில் தெரிந்தது. “படுத்துக் கெடக்கற புள்ள கண்ணு முன்னால இது அழுகிட்டுக் கெடக்கோணுங்களா? ஒண்ணு எடுத்துப் போடோணும், இல்லீன்னா பொழைக்க வெக்கோணும்” என்றீர்கள்.

எடுத்துப் போட உங்களுக்கு மனமில்லை. வெண்டை, அவரை, தீவனப்புல், தென்னை என்று எதை ஊன்றினாலும் தழைக்க வைக்கிற கை உங்களுடையது. நாலு தண்ணீர்ச் செடி உங்களுக்கு வசப்படாமல் போனது கௌரவக் குறைவாக இருந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “தண்ணிக்குள்ளயே இருக்கற செடி மண்ணத் திங்குமா, தண்ணியத் திங்குமா?” என்று பால் கறந்துகொண்டே கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். நாம் இருவரும் சேர்ந்து யோசித்த முதல் கேள்வி அதுதான்.

மறுநாள் நீங்கள் உங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தீர்கள். சாணத்தைக் கரைத்து, தெளிவை மட்டும் இறுத்து, ஒரு டம்ளர் தொட்டியில் ஊற்றினீர்கள். மத்தியானத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இருவரும் வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினோம். இரண்டு மீன்கள் செத்துவிட்டன. அவற்றைக் கருவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, கட்டிலின் அருகே நின்று, மருமகளிடம் நேராகவே சொன்னீர்கள்: “தப்புப் பண்ணிட்டன் கண்ணு. தெரியாததத் தெரியும்னு நெனச்சுட்டன்.” ஒரு மாமியார் மருமகளிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. நானே என் மகளிடம் அப்படி எதையும் சொன்னதில்லை.

அன்றைக்குத்தான் என் தொழில் உதவிக்கு வந்தது. முப்பது வருடமாக மருந்தை அளந்து கொடுப்பவள் நான். எதையும் ஒரேயடியாகக் கொட்டிப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். உங்கள் பரணிலிருந்து ஐந்து காலி ஊறுகாய் பாட்டில்களை இறக்கினோம். மீன் இல்லாமல், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் செடி. ஒன்றில் வெறும் மணல். ஒன்றில் மணலுக்குக் கீழே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்த குளத்து வண்டல். ஒன்று வெயிலில், ஒன்று நிழலில், இன்னொன்று இரண்டுக்கும் நடுவில். ஸ்டெல்லா படுத்தபடியே ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டாள். எந்த பாட்டிலில் என்ன மாற்றம் என்று காலையும் மாலையும் நாம் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டும். டாக்டர் சொன்ன நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவள், பாட்டிலின் நாட்களை எண்ணத் தொடங்கினாள்.

வெயிலில் வைத்த பாட்டில் மூன்றே நாளில் பச்சைத் தண்ணீராகிவிட்டது. தொட்டி நின்றிருந்த கிழக்கு ஜன்னலில் காலை வெயில் முழுவதும் விழும் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. தொட்டியை அங்கிருந்து நகர்த்தி, மேலே ஒரு விளக்கை மட்டும் வைத்தோம். வண்டல் போட்ட பாட்டிலில்தான் வேர் வெள்ளையாக இறங்கியது. மண்ணைத்தான் தின்கிறது என்று நான் சொன்னேன். அப்படியானால் குளத்தில் வேரே இல்லாமல் மிதக்கும் வேலம்பாசி எதைத் தின்கிறது என்று கேட்டீர்கள். இரண்டையும் தின்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம் என்று பிறகு நோட்டில் எழுதிக்கொண்டோம்.

ஆனால் இலைகள் ஏன் கரைகின்றன என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். கரைந்த இலைகளையெல்லாம் அடியோடு நறுக்கிவிட்டு, வேர்க்கட்டையை மட்டும் விட்டு வைத்திருந்தீர்கள். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினீர்கள். வேர்க்கட்டையிலிருந்து புது இலை வந்திருந்தது. நீங்கள் பார்க்கச் சொன்னது அது வந்ததை இல்லை. “பழைய எலை அகலம். இது நீட்டமா, மெல்லுசா இருக்குது பாருங்க. ஒரே செடிக்கு எதுக்குங்க ரெண்டு தினுசு எலை?”

பிரபு கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டான். செடி வளர்த்து விற்கும் தோட்டத்தில் இவற்றைத் தண்ணீருக்கு வெளியே, வேர் மட்டும் நனையும்படி வைத்து வளர்க்கிறார்களாம்; அப்படி வளர்த்தால் சீக்கிரம் பெருகுமாம். காற்றில் பிறந்த இலைக்குத் தண்ணீருக்குள் வாழத் தெரியாது. அது கரைந்துதான் தீரும். தண்ணீருக்குள் பிறக்கும் இலைதான் நிற்கும். அதுவரை வேரைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். இதைக் கேட்டபோது நான் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “அப்ப நாம கொன்னது இல்லீங்க” என்று பெருமூச்சு விட்டீர்கள்.

அதற்குப் பிறகு தொட்டியை முழுக்கக் காலி செய்து புதிதாகப் போட்டோம். காயவைத்துச் சலித்த வண்டல் இரண்டு விரல்கடை, அதன்மேல் கழுவிய ஆற்றுமணல். குளத்திலிருந்து வேலம்பாசியும், சேற்றைத் துழாவி எடுத்த மூன்று கொட்டிக்கிழங்கும் கொண்டு வந்தீர்கள். கொட்டியைக் கிழங்காக வேகவைத்துத் தின்றிருக்கிறேன். அதன் இலைகள் தண்ணீருக்குள் அலையலையாக நெளிந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. கிழங்கின் முளைக்கண் மணலுக்கு மேலே தெரியும்படி ஊன்ற வேண்டும் என்று, மஞ்சள் ஊன்றிப் பழகிய உங்கள் விரல்களே கண்டுபிடித்துக்கொண்டன.

ஒருநாள் மூன்று மணி வாக்கில் நாம் இருவரும் கொட்டகையில் இருந்தபோது ஸ்டெல்லா கூப்பிட்டாள். அவள் குரல் உயர்ந்தால் நம் இருவருக்கும் உயிர் போய்விடும் காலம் அது. ஓடினோம். அவள் தொட்டியைக் காட்டினாள். வேலம்பாசியின் ஒவ்வொரு இலை நுனியிலும் ஊசிமுனை அளவு குமிழி. ஒன்று பெரிதாகி, விட்டு, மேலே போகும். அதே இடத்தில் அடுத்தது. “செடி மூச்சு விடுதும்மா” என்றாள். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். “பால் பொங்கப் போகுது, போய் அடுப்பப் பாரு அம்மிணி” என்று என்னிடம் சொன்னீர்கள். சம்பந்தியம்மா அம்மிணியானதை நீங்கள் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து நானும் எங்கள் பக்கத்தில் அண்ணியைக் கூப்பிடுவதுபோல் உங்களை மைனி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

மாதம் குறையாமல் பேத்தி பிறந்தாள். நாற்பது நாள் கழித்து நான் மலைக்குத் திரும்பினேன். ஸ்டெல்லாவின் அப்பா குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் இருந்த படத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போவேன். வந்து பார்த்தால் போன் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் திரை வெளிச்சமாக இருக்கும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சு விட்டு வந்ததும் உங்கள் போன் வரும். பேத்தி எப்படி இருக்கிறாள் என்பது ஐந்து நிமிடம், தொட்டி எப்படி இருக்கிறது என்பது அரைமணி நேரம். மாசியில் ஒரு புதுச் சங்கடம் தொடங்கியது. கொட்டி நன்றாக இருந்தது. கடைச்செடிகளின் புது இலைகள் மட்டும் மஞ்சளாயின, இலைமேல் சுண்ணாம்பு படிந்தது. உங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது எனக்கு நினைவிருந்தது. ஒரு எவர்சில்வர் கரண்டியில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வற்ற வைத்துப் பாருங்கள், நானும் இங்கே செய்கிறேன் என்றேன். உங்கள் கரண்டியில் வெள்ளையாகப் பொருக்கு நின்றது. என் கரண்டியில் ஊதினால் போகிற அளவுக்குக்கூட இல்லை. “அப்படியா? அத்தன சுத்தமா?” என்று மூன்று தரம் கேட்டீர்கள். பாதிக்குப் பாதி மழைத்தண்ணீர் கலந்து ஊற்றினால் போதும், மழை வரட்டும் என்று சொன்னேன்.

மழை வந்தது. ஆடியில் ஒரு வியாழக்கிழமை, எங்கள் லயத்து வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். கையில் மூடி போட்ட பால் தூக்கு. வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கி வரவில்லை. ஸ்டெல்லாவையும் கூட்டி வரவில்லை. வீட்டுக்குள் நாற்காலியில் அவள் அப்பா. அவர் எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். நீங்கள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நேராக அவரிடம் கேட்டீர்கள்.

“ஏனுங்ணா, இந்த ஊட்டுக் கொழாயில வர்ற தண்ணி எங்கிருந்துங்க வருது?”

அவர் பதில் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இப்போது இல்லை. தோட்டத்துத் தண்ணீர் பம்புக்கும் குழாய்க்கும் அவர்தான் பொறுப்பு. இருபத்தெட்டு வருடமாக மலைமேல் ஏறி இறங்கித் தண்ணீரைக் கொண்டு வருகிறார். தண்ணீர் ஏன் வரவில்லை என்று அவரைக் கேட்காத ஆள் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நான்கூடக் கேட்டதில்லை. மூன்று ஊற்று இருக்கிறது என்றார். எது நல்ல தண்ணீர் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லித் தெரியாது, பார்க்க வேண்டும் என்றார். “அப்ப பாக்கலாமுங்க” என்று எழுந்துவிட்டீர்கள்.

மழையில் மூவரும் ஏலக்காட்டுக்குள் ஏறினோம். அட்டை ஏறாமலிருக்க உங்கள் காலில் சோப்பைத் தேய்த்துவிட்டேன். முதல் ஊற்று கோடையில் வற்றிப்போகும். இரண்டாவதில் மழைக்குச் செம்மண் கலங்கும். மூன்றாவது பாறையிடுக்கிலிருந்து வருவது, வருடம் முழுக்க ஒரே கனம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் கல்யாணம் கட்டி வந்த காலத்திலிருந்து அவர் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டே வந்தீர்கள். பாறைக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது, எத்தனை நாள் உள்ளே நிற்கும், வெளியே வரும்போது ஏன் சில்லென்று இருக்கிறது? தெரிந்ததை அவர் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். மூன்றாவது ஊற்றுக்குக் கீழே, ஓடும் தண்ணீரில் பாறையைப் பற்றிக்கொண்டு கருஞ்சிவப்பில் ஒரு செடி படர்ந்திருந்தது. உங்கள் கண் அதன்மேல் போய் நின்றது. பிடுங்கித் தரட்டுமா என்று அவரே கேட்டார். “வேண்டாமுங்ணா. அதுக்கு ஓடற தண்ணி வேணுமாட்ட இருக்குது. எங்கிட்ட ஓடற தண்ணி இல்லீங்களே” என்றீர்கள்.

மறுநாள் காலையில் தூக்கு நிறைய ஊற்றுத் தண்ணீரோடு நீங்கள் கிளம்பினீர்கள். இரண்டடித் தொட்டிக்கு இது எந்த மூலைக்கு என்று அவர் கேட்டார். நான் தூக்கக்கூடியது இவ்வளவுதானே என்று சாதாரணமாகச் சொன்னீர்கள். அவர் உள்ளே போனார். பம்பு ஷெட்டில் இருந்த இருபது லிட்டர் கேனைக் கழுவி, நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டை மாற்றியிருந்தார்.

“பஸ்ஸு வரைக்குமா?” என்று நான் கேட்டேன்.

“ஊடு வரைக்கும் கொண்டாந்து விடுதேன்” என்றார். உங்கள் ஊர்ச் சொல்லான ‘ஊடு’ அவர் வாயில் எப்படி வந்ததோ.

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. நீங்கள் போனில் சொன்னதுதான். ஸ்டெல்லா கதவைத் திறந்தாள், இடுப்பில் குழந்தை. இவர் வாசலில் நின்றார். “அண்ணன் கேனை எறக்கவே இல்லீங்க அம்மிணி. அவ்வளவு கனத்தத் தோள்லயே வெச்சுட்டு நின்னாரு. புள்ளதான் கொழந்தைய எங்கையில குடுத்துட்டு, கிட்டப் போயி, ‘எறக்குங்கப்பா’ன்னு எறக்கிவிட்டா.” அதற்குமேல் நீங்கள் சொல்லவில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தவர் என்னிடம் சொன்னது, தொட்டிக்கு அடியில் பலகை சரியில்லை, அடுத்த முறை போகும்போது மட்டம் பார்த்து வைக்க வேண்டும் என்பதுதான். அடுத்த முறை என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா பேச்சுவாக்கில் சொன்னாள், நீங்கள் மலைக்குக் கிளம்பிய அன்று வீட்டுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் மூன்று வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்ததாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைத்தண்ணீர் போதும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்? அடுத்த முறை வந்தபோது உங்களிடமே கேட்டேன். தண்ணீருக்காக வந்தீர்களா, அவருக்காக வந்தீர்களா? நீங்கள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தீர்கள். சிரிக்கக்கூட இல்லை. “தண்ணி வேணுமின்னுதான் அம்மிணி வந்தேன். தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்ச மனுசன் அவருதான?” என்றீர்கள். பிறகு என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய் இரண்டு பாட்டில்களைக் காட்டினீர்கள். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் ஊற்றுத் தண்ணீர், ஒரே செடி. இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தன. நூலால் அளந்து வேறு வைத்திருந்தீர்கள். சாக்குச் சொல்ல வந்தவர் நூலால் அளந்து பார்ப்பாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. இரண்டும் உண்மையாக இருந்திருக்கலாம் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

அதன்பின் மூன்று வருடம் நல்ல வருடங்கள். இவர் போகும்போதெல்லாம் ஒரு கேன் கொண்டு போவார். தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. கத்தரித்த செடிகளை வாய்க்காலில் மட்டும் போட விடமாட்டீர்கள். கடைச்செடி வாய்க்காலில் பெருகினால் நம் குளத்துச் செடி என்னாகும் என்று கேட்பீர்கள். அவையெல்லாம் மாட்டு எருவோடு மக்கின.

இந்த வருடம் பங்குனியில் கொட்டியின் இலைகள் ஒவ்வொன்றாக வாடி, கடைசியில் மணல் மட்டுமே மிஞ்சியதைச் சொல்ல நீங்கள் போன் செய்தீர்கள். போன வருடமும் இப்படித்தான் உறங்கப் போனது, மழைக்கு எழுந்தது, எத்தனை நாள் உறங்குகிறது என்று இந்த முறை எண்ண வேண்டும் என்றீர்கள். அதற்கடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் பால் கறந்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். பிரபு வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் வந்து சேர்ந்தபோது உங்கள் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நகக்கண்ணில் தவிடு இருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.

கொட்டி எழும் என்று நான் நம்பினேன். மழை வந்தது, எழவில்லை. விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். மூன்றும் கொழகொழவென்று அழுகியிருந்தன. ஏன் என்று தெரியவில்லை. அந்த வாரங்களில் தண்ணீர் மாற்ற ஒருவருக்கும் நினைவில்லாமல் போனதாலா, அதற்கும் வயது முடிந்துவிட்டதா? உங்களோடு சேர்ந்து யோசித்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும்.

மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்தில் விட்டுவிட்டு, ஸ்டெல்லாவும் பிரபுவும் அவன் வேலை பார்க்கும் பாலக்காட்டுக்கே குடிபோனார்கள். அங்கே தொட்டிக்கு இடமில்லை. இவர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணீரை இறைத்துவிட்டு, மண்ணோடும் செடியோடும் ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு மலைக்குக் கொண்டு வந்தார். இன்று காலை முளைத்தது அந்த வண்டலில் இத்தனை நாள் உறங்கிய ஏதோ விதையாகத்தான் இருக்கும். உங்கள் குளத்துச் சேற்றில் என்னென்ன விதைகள் இருந்தன என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சொல்லாமல் விட்டவை இருக்கின்றன என்றேன் அல்லவா? வீட்டைப் பூட்டுவதற்கு முந்தின நாள் நானும் ஸ்டெல்லாவும் உங்கள் சமையல்கட்டில் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு வராததற்காக நான் ஒருநாளும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. மருமகள் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு நீங்கள் நின்றது கண்ணில் வந்தது. “அன்னிக்கு நான் வந்திருக்கணும். வராதது தப்பு” என்றேன். அவள் கையிலிருந்த குண்டாவைச் சுற்றி முடித்தாள்.

“ரெஜிஸ்டர் ஆபீஸ் வராந்தாவுல ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம்மா” என்றாள். “அத்தை உன்னப் பத்தியேதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.”

“கோவமா இருக்கேனான்னா?”

“இல்ல. உங்கம்மா எப்படிச் சிரிப்பாங்க கண்ணுன்னு கேட்டாங்க.”

அதுவரை என் முகத்தையே பார்த்திராத நீங்கள், உங்களை அவமானப்படுத்திய வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்ட கேள்வி அது. ஸ்டெல்லா என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். நான் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்ததாம். நினைத்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள் என்றாளாம். நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன் மைனி. என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது எங்கள் தோட்டத்துக்கு வடக்கேயிருந்து வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒரு பெண் மூன்று நாளாக டிஸ்பென்சரிக்கு வந்தாள். வரிசையில் நிற்க மாட்டாள், மாத்திரைச் சீட்டைப் பிடுங்குவதுபோல் வாங்குவாள், சொன்னது எதுவும் அவளுக்குப் புரியாது. நர்ஸ் சலித்துக்கொண்டாள். எனக்கும் கோபம் வந்தது. நாலாம் நாள் அவள் வந்தபோது மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கணம் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். இவள் எப்படிச் சிரிப்பாள் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சைகையால் உட்காரச் சொல்லி, அவள் பெயரைக் கேட்டேன்.